ஜெயில் கேட்டுக்கு வெளிய யாரு நிக்கிறாங்க? இந்தோனேசியா பட்ட பாடு

2022 டிசம்பர் 7, புதன்கிழமை. இந்தோனேசியாவுல பண்டுங் நகரத்துல ஆஸ்தானா ஆன்யார்னு ஒரு போலீஸ் ஸ்டேஷன். காலைல எட்டு மணி தாண்டி போலீஸ்காரங்க எல்லாம் வரிசையா நின்னு ரோல்கால் நடந்துட்டு இருந்தப்போ ஒருத்தன் உள்ள நுழைஞ்சு உடம்புல கட்டியிருந்த குண்டை வெடிக்க வெச்சான். ஒரு போலீஸ்காரர் செத்துப்போனாரு, அவனும் அங்கயே செத்தான், பல பேருக்குக் காயம். அவன் பேரு ஆகுஸ் சுஜாத்னோ. போலீஸுக்குப் புது ஆளு இல்ல. 2017ல அதே பண்டுங்ல பாத்திரத்துல வெச்சு குண்டு வெடிச்ச கேஸ்ல நாலு வருஷம் தண்டனை வாங்கி, நுசகம்பங்கான் தீவு ஜெயில்ல இருந்துட்டு 2021ல வெளிய வந்தவன்.

அதே டிசம்பர் 7, அதே புதன்கிழமை, கிழக்கு ஜாவால சுரபாயாவுக்குப் பக்கத்துல போரோங் ஜெயில்லேருந்து உமர் பாத்தேக் பரோல்ல வெளிய வந்தாரு. 2002 பாலி குண்டுவெடிப்புல 202 பேர் செத்தாங்களே, அந்தக் குண்டுக்கு மருந்து கலந்தவங்கள்ல ஒருத்தர். 2011ல பாகிஸ்தான்ல அபோட்டாபாத்ல பிடிபட்டு, 2012ல 20 வருஷ தண்டனை. உள்ள இருந்தப்போ சுதந்திர தின விழாவுல தேசியக் கொடி ஏத்துன ஆளு. வெளிய வந்தப்புறம் இன்னிய வரைக்கும் வன்முறைப் பக்கம் திரும்புனதா ஒரு தகவலும் இல்ல.

ரெண்டு பேரும் ஒரே நாட்டு சிறைத்துறை கையில இருந்தவங்க, ஒரே சட்டம், பேப்பர்ல பாத்தா ஒரே மறுவாழ்வுத் திட்டம். அப்புறம் ஏன் இப்படி? ஆளுக்கு ஆள் மனசு வேறங்கிறது உண்மைதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அதோட நிறுத்திட்டா பாதி விஷயம்தான் தெரியும். பாத்தேக் வெளிய வர்றதுக்கு முன்னாடி சிறைத்துறை, தீவிரவாத எதிர்ப்பு ஏஜென்சி, சிறப்புப் போலீஸ் மூணு பேரும் அவரு ஃபைலைப் பாத்துக் கையெழுத்துப் போட வேண்டியிருந்துச்சு, வருஷக்கணக்கா மூணு பேரும் அவரோட பேசிட்டு இருந்தாங்க. ஆகுஸ் விஷயத்துல, நாட்டோட போலீஸ் தலைவரே அன்னிக்கு வெளிப்படையா சொன்னாரு, இவன் உள்ள இருந்தப்பவே "சிவப்பு" லிஸ்ட்ல, அதாவது இன்னும் மாறாத ஆபத்தான ஆளுங்க லிஸ்ட்ல இருந்தவன், பேச்சுக் கொடுத்தா விலகிப் போறவன், யாராலும் கிட்ட நெருங்க முடியலன்னு. சிவப்புன்னு எல்லாருக்கும் தெரியும். தண்டனை முடிஞ்ச அன்னிக்குக் கேட்டைத் திறந்து விட்டாச்சு, ஏன்னா சட்டப்படி அதுக்கு மேல வெச்சிருக்க முடியாது. ஊரு பண்டுங், ஆனா அவன் இருந்தது நடு ஜாவால சுகோஹார்ஜோ பக்கம், பார்க்கிங்ல வண்டி பாத்துக்கிற வேலை.

தீவிரவாதக் கைதிகளுக்கு மறுவாழ்வுன்னு பேச்சு எடுத்தாலே எல்லாரும் மத போதனை, கவுன்சிலிங், இவன் நிஜமாவே மாறினானா இல்ல நடிக்கிறானா, இதையே சுத்திச் சுத்திப் பேசுறாங்க. அது முக்கியம் இல்லன்னு இல்ல. ஆனா இந்தோனேசியா இருபது வருஷமா பட்ட பாட்டை வரிசையா படிச்சுப் பாத்தா எனக்குத் தோணுறது வேற. ஒரு ஆபீஸுக்குத் தெரிஞ்ச விஷயம் அடுத்த ஆபீஸுக்குப் போய்ச் சேருதா இல்லையாங்கிறதுலதான் முக்கால்வாசி விஷயம் இருக்கு. நம்ம ஊருல ஒரு பட்டா மாத்துறதுக்கே ஒரு மேஜைலேருந்து இன்னொரு மேஜைக்கு ஃபைல் நகர எத்தனை நாள் ஆகுதுன்னு தெரியும்ல, இங்க நகர வேண்டியது ஒரு மனுஷனைப் பத்தின மொத்த விவரம், தப்பினா உயிர் போகும்.

சரி, யார் யாரு இதுல இருக்காங்கன்னு பாக்கலாம். முதல்ல டென்சஸ் 88. பாலி குண்டுவெடிப்புக்கு அப்புறம் 2003ல ஆரம்பிச்ச போலீஸ் சிறப்புப் படை, பிடிக்கிறது விசாரிக்கிறது எல்லாம் இவங்க. வெளிநாட்டுல இவங்களுக்கு சண்டைப் படைன்னுதான் பேரு, ஆனா உண்மைல கைதிகளோட முதல்ல பேசி உறவு உண்டாக்குனதும் இவங்கதான். விசாரணைல வசவும் அடியும் எதிர்பாத்து உக்காந்திருக்கிறவனுக்கு ஒண்ணா தொழுகை, ஒண்ணா சாப்பாடு, பொண்டாட்டி புள்ளைங்க பாக்க வர்றதுக்கு பஸ் செலவுன்னு கொடுத்து மெல்ல மெல்லப் பேச வெச்சாங்க. பாலி குண்டுவெடிப்பை நடத்துன ஜமா இஸ்லாமியா அமைப்புல பெரிய பொறுப்புல இருந்த நாசிர் அபாஸ், பாலி கேஸ்ல ஆயுள் தண்டனை வாங்கின அலி இம்ரான், இவங்க ரெண்டு பேரும் அப்படித்தான் போலீஸ் பக்கம் வந்து மத்தவங்க கிட்டயும் பேச ஆரம்பிச்சாங்க.

ரெண்டாவது பிஎன்பிடி, 2010ல ஜனாதிபதி உத்தரவுல உருவான தேசிய தீவிரவாத எதிர்ப்பு ஏஜென்சி. எல்லாத் துறையையும் ஒண்ணு சேர்க்கிறதுதான் இவங்க வேலையே. மூணாவது சிறைத்துறை, கைதி தினமும் இருக்கிறது இவங்க கிட்ட. இது போக பரோல்ல வர்றவங்களைப் பாத்துக்கிற நன்னடத்தை ஆபீஸ், குழந்தைகளுக்கும் குடும்பத்துக்கும் சமூக நலத்துறை, பாதிக்கப்பட்டவங்களுக்கு சாட்சிப் பாதுகாப்பு அமைப்பு, அப்புறம் மாவட்ட நிர்வாகம், கிராமத் தலைவர், அரசு சாரா அமைப்புங்கன்னு பட்டியல் நீளும்.

இதுல சிக்கல் எங்க ஆரம்பிக்குதுன்னா, போலீஸுக்குத் தேவை தகவல். யாரு யாரோட சேர்ந்திருக்கான், அடுத்த குண்டு எங்க, அதுதான் அவங்க கவலை, அதனால கைதியோட உண்டாக்குன நெருக்கத்தைப் பொத்திப் பொத்தி வெச்சுப்பாங்க, இன்னொரு டிபார்ட்மெண்ட் கிட்ட சுலபத்துல கொடுக்க மாட்டாங்க. சிறைத்துறைக்குத் தேவை அமைதி. ஜெயில்ல கலாட்டா இல்லாம நாள் ஓடணும், ஏற்கனவே கொள்ளளவை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கூட்டம், ஒரு பிளாக்குக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய வார்டருங்க. பிஎன்பிடிக்குத் தேவை எண்ணிக்கை, எத்தனை பேரு ப்ரோக்ராம்ல கலந்துக்கிட்டாங்க, எத்தனை பேரு தேசத்துக்கு விசுவாசமா இருப்பேன்னு உறுதிமொழி எடுத்தாங்கன்னு. மூணு பேரும் அவங்கவங்க வேலையை ஒழுங்காத்தான் பண்றாங்க, ஆனா மூணு பேரு கையிலயும் ஒரே ஆளைப் பத்தி மூணு வேற வேற படம் இருக்கும். ஒருத்தர் பச்சைன்னு குறிச்சவனை இன்னொருத்தர் மஞ்சள்னு வெச்சிருப்பாரு.

அதுலயும் வார்டர் நெலமை எனக்கு ரொம்ப உறுத்துது. ஜகார்த்தாலேருந்து ஒரு டீம் வரும், ரெண்டு நாள் செமினார், ஒரு அறிஞர் பேசுவாரு, போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க. மீதி 363 நாளும் அந்தக் கைதியோட இருக்கிறது வார்டர்தான். யாரு யாரோட சேர்ந்து சாப்பிடுறான், யாரு ஜும்மாவுக்கு வர மறுக்கிறான், யாரு திடீர்னு வீட்டுக்குக் கடிதம் எழுதுறதை நிறுத்திட்டான், இதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஆனா அவரைக் கூப்பிட்டு என்னய்யா நெலமைன்னு கேக்குறவங்க கம்மி, அவரு பாத்ததை எழுதி வெச்சா அது மேல போய்ச் சேருமாங்கிறதும் நிச்சயம் இல்ல, அவரையே ஆறு மாசத்துல வேற ஜெயிலுக்கு மாத்தினா அவரோட சேர்ந்து அந்த விவரமும் போயிடும். இன்னொண்ணு, ஐஎஸ் ஆதரவு கைதிங்க பல பேரு அரசாங்க ஊழியர் எல்லாரையும் "தாகூத்"னு சொல்லுவாங்க, அதாவது இறைவனை மீறின ஆட்சியோட கையாள்னு அர்த்தம் வெச்சு. வணக்கம் சொன்னா பதில் வராது, அவரு பின்னாடி நின்னு தொழ மாட்டாங்க. அப்படிப்பட்டவன் கிட்ட தினமும் போய் நிக்கிறவருக்குத் தனிப் பயிற்சி வேணுமா வேண்டாமா? ரொம்ப வருஷம் அது பேருக்குத்தான் இருந்துச்சு.

அதுக்கு விலை கொடுத்தது 2018 மே மாசம். ஜகார்த்தாவை ஒட்டின டெப்போக்ல மாக்கோ பிரிமோப்னு போலீஸ் அதிரடிப்படை தலைமையகம் இருக்கு, அதுக்குள்ளயே தீவிரவாதக் கைதிகளை வெக்கிற லாக்கப். போலீஸ் முகாமுக்குள்ள ஜெயில், விசாரணைக் கைதிங்க, தண்டனை வாங்கினவங்க எல்லாம் கலந்து நெருக்கியடிச்சு. மே 8 சாயந்திரம் ஒரு கைதிக்கு வீட்டுலேருந்து வந்த சாப்பாட்டுப் பார்சல் விஷயமா, அதை செக் பண்றதுல ஆரம்பிச்ச வாய்த்தகராறுதான், அது பெருசாகி கைதிங்க தடுப்பை உடைச்சு, பிடிச்சு வெச்சிருந்த ஆயுதங்களை எடுத்து, டென்சஸ் ஆளுங்க அஞ்சு பேரைக் கொன்னுட்டாங்க. ஒரு கைதியும் செத்தான். மே 10 காலைலதான் முடிவுக்கு வந்துச்சு, 155 பேரு சரணடைஞ்சாங்க. ஒரு சாப்பாட்டுப் பொட்டலம். வெளிலேருந்து பாக்குறவங்களுக்கு அற்பம், ஆனா உள்ள இருக்கிறவனுக்கு அது பொண்டாட்டி கையால சமைச்சு அனுப்பினது, அதை யாரு எப்படித் தொடணும்னு தெரிஞ்சு வெச்சிருக்கிறதுதான் ஜெயில் வேலை. விசாரிக்கிறவனே காவலும் காக்குறான்னா அந்த ரெண்டு வேலையும் கெடும். மூணே நாள்ல, மே 13, சுரபாயாவுல மூணு சர்ச்ல ஒரே குடும்பம் குண்டு கட்டிக்கிட்டுப் போச்சு, அம்மா அப்பா குழந்தைங்க எல்லாம்.

அந்த 155 பேரையும் அப்படியே நுசகம்பங்கானுக்கு அனுப்பிட்டாங்க. ஜாவாவோட தென்கரைல சிலாசாப் துறைமுகத்துக்கு எதிர்ல இருக்கிற தீவு, டச்சுக்காரங்க காலத்துலேருந்தே ஜெயில் தீவு. படகுலதான் போகணும். அங்க "பத்து" (Batu), "பாசிர் புத்தே"ங்கிற பேருல இருக்கிற ரெண்டு ஜெயிலை உச்சபட்ச பாதுகாப்புக்கு மாத்தி, ஒரு அறைக்கு ஒரு ஆள், சதா கேமரான்னு ஆக்கினாங்க. ஒத்துழைச்சா படிப்படியா கொஞ்சம் தளர்வான ஜெயிலுக்கு இறக்குவாங்க. இது ஏன் வந்துச்சுன்னும் சொல்லணும். அமன் அப்துர்ரஹ்மான்னு ஒருத்தன், நுசகம்பங்கான்ல கைதியா இருந்துக்கிட்டே ஐஎஸ் பிரசுரங்களை மொழிபெயர்த்து வெளிய அனுப்பி, ஒரு அமைப்பையே உள்ளேருந்து கட்டினான். 2016 ஜனவரில ஜகார்த்தா தம்ரின் ரோட்டுல தாக்குதல் நடத்தினவங்கள்ல ஒருத்தன், ஆசே பயிற்சி முகாம் கேஸ்ல ஜெயிலுக்குப் போய் உள்ள அமனோட சீடனா ஆனவன். ஆக, தீவிரவாதத்தைக் குறைக்கிறதுக்காக உள்ள வெச்ச இடத்துலயே அது வளர்ந்துச்சு. தனிமை அறை அதை அடைச்சதுங்கிறது உண்மை. ஆனா தனியா ஒரு அறைல மூணு வருஷம் இருந்தவன் நேரா வெளி உலகத்துக்கு வந்தா என்ன ஆகும்? ஆகுஸ் சுஜாத்னோ வந்தது பாசிர் புத்தேலேருந்துதான்.

இப்போ சட்டத்துக்கு வரேன், இதுதான் கழுத்தை அறுக்குற இடம். 2012ல ஒரு விதி கொண்டு வந்தாங்க, தீவிரவாதக் கைதிக்குத் தண்டனைக் குறைப்பு வேணும்னா அவன் விசாரணைக்கு ஒத்துழைச்சிருக்கணும் (இந்த ஒரு நிபந்தனையை 2021ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு), மறுவாழ்வுத் திட்டத்தை முடிச்சிருக்கணும், இந்தோனேசியக் குடியரசுக்கு விசுவாசம்னு எழுதிக் கொடுக்கணும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இதனால என்ன ஆச்சு, மாற விருப்பம் இருக்கிறவன் பரோல்ல சீக்கிரம் வருவான், வந்தப்புறமும் நன்னடத்தை ஆபீஸர் கண்காணிப்புல இருப்பான், மாசா மாசம் போய்க் கையெழுத்துப் போடுவான். மாற மாட்டேன்னு அடம்பிடிக்கிறவன் முழுத் தண்டனையும் அனுபவிச்சுட்டு வருவான், அவன் மேல யாருக்கும் எந்தச் சட்டப் பிடியும் கிடையாது. ஆபத்து கம்மியா இருக்கிறவன் கண்காணிப்புல, ஆபத்து ஜாஸ்தியா இருக்கிறவன் சுதந்திரமா. எனக்கு இதைப் படிச்சப்போ ரெண்டு தடவை திரும்பப் படிக்க வேண்டியிருந்துச்சு.

2018ல சுரபாயாவுக்கு அப்புறம் அவசர அவசரமா நிறைவேத்தின 5ஆம் நம்பர் சட்டம், மறுவாழ்வுங்கிறது விசாரணைக் கைதிக்கும் உண்டு, தண்டனைக் கைதிக்கும் உண்டு, வெளிய வந்தவனுக்கும் உண்டுன்னு சொல்லுச்சு, பிஎன்பிடிதான் எல்லாரையும் சேர்த்து நடத்தணும்னும் எழுதி வெச்சுது. முன்னேற்றம்தான். ஆனா வெளிய வந்தவன் எனக்கு வேணாம்னு சொன்னா கட்டாயப்படுத்த வழி இல்ல. ஜமா இஸ்லாமியாவோட மதத் தலைவரா இருந்த அபு பக்கர் பஷீர் கதை இதுக்கு நல்ல உதாரணம். 2019 ஜனவரில வயசைக் காரணம் காட்டி அவரை விடலாம்னு ஜனாதிபதி ஜோகோ விடோடோ அறிவிச்சாரு, விசுவாச உறுதிமொழில கையெழுத்துப் போட மாட்டேன்னு பஷீர் சொன்னதும் அறிவிப்பு நின்னு போச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு 2021 ஜனவரி 8ஆம் தேதி, எந்த உறுதிமொழியும் இல்லாமலே, தண்டனை முடிஞ்சு வீட்டுக்குப் போயிட்டாரு. அப்புறம் 2022 ஆகஸ்ட்ல தன்னோட பள்ளிக்கூடத்துல சுதந்திர தினக் கொடியேத்தத்துல அவரே கலந்துக்கிட்டாரு, இந்தோனேசிய அரசோட அடிப்படைக் கொள்கையான பஞ்சசீலத்தை ஏத்துக்கிறேன்னாரு. ஜெயில்ல காகிதத்தை நீட்டுனப்போ வராதது வெளிய வந்து வந்துச்சு. அதுக்கு யாரு பேசுனாங்க, எத்தனை தடவை வீட்டுக்குப் போனாங்கங்கிறதுதான் இங்க கவனிக்க வேண்டியது.

வீட்டுக்குப் போறதுன்னு சொன்னேன்ல, அங்கதான் அரசு சாரா ஆளுங்க வர்றாங்க. லமோங்கான் மாவட்டத்துல தெங்குலுன்னு ஒரு கிராமம். பாலி குண்டுவெடிப்புல மரண தண்டனை நிறைவேத்தப்பட்ட அம்ரோசி, முக்லாஸ் ரெண்டு பேருக்கும், ஆயுள் தண்டனைல இருக்கிற அலி இம்ரானுக்கும் சொந்த ஊரு. அவங்க தம்பி அலி ஃபௌசி, அவரும் ஒரு காலத்துல குண்டு செய்யக் கத்துக் கொடுத்தவர்தான், அதே ஊருல சமாதான வட்டம்னு அர்த்தம் வர்ற பேருல ஒரு அமைப்பு நடத்துறாரு. ஜெயிலுக்குப் போய்ப் பாக்குறது, பரோலுக்கு யாரு ஜாமீன் நிக்கிறதுன்னு குடும்பத்தோட உக்காந்து பேசுறது, வெளிய வந்தவனுக்கு அடையாள அட்டை புதுப்பிக்கிறதுலேருந்து வேலை தேடுறது வரைக்கும். இதுல அடையாள அட்டை விஷயம் சின்னதுன்னு நினைக்காதீங்க. பத்து வருஷம் உள்ள இருந்துட்டு வந்தவன் கிட்ட செல்லுபடியாகிற ஒரு அட்டை இல்லன்னா பேங்க் கணக்கு கிடையாது, டிரைவிங் லைசென்ஸ் கிடையாது, சிம் கார்டு கூடக் கஷ்டம். அட்டை கொடுக்கிறது உள்ளாட்சித் துறை, அவங்களுக்கும் இந்த மறுவாழ்வுக்கும் சம்பந்தம் இருக்குன்னு அவங்களுக்கே யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. அந்த நேரத்துல பழைய கூட்டாளி ஒருத்தன் வந்து என் கடைல உக்காரு, அட்டையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னா அவன் எங்க போவான்?

அதே மாதிரி நூர் ஹுதா இஸ்மாயில் ஆரம்பிச்ச அமைப்பு சமையல் கடை வெச்சு முன்னாள் கைதிகளுக்கு வேலை கொடுத்துச்சு. கல்லாவுல நின்னு எல்லா மதத்துக்காரனுக்கும் பரிமாறி காசு வாங்குறது ஒரு பாடம்தான், எந்த வகுப்பறைலயும் அப்படிக் கத்துக் கொடுக்க முடியாது.

உமர் பாத்தேக் விஷயத்துல எனக்கு மனசுல நிக்கிறது கொடி ஏத்துனது இல்ல, 2019 நவம்பர்ல நடந்த ஒண்ணு. அவரு மனைவி பிலிப்பைன்ஸ்காரங்க. அவங்களுக்கு இந்தோனேசியக் குடியுரிமை கிடைக்கணும்னு வருஷக்கணக்கா கேட்டுட்டு இருந்தாரு, ஏன்னா அது இல்லன்னா இவரு வெளிய வந்தாலும் குடும்பமா ஒரு இடத்துல இருக்க முடியுமான்னு நிச்சயம் இல்ல. பிஎன்பிடி, சட்ட அமைச்சகம், சிறைத்துறை எல்லாம் சேர்ந்து அதை முடிச்சு, பிஎன்பிடி தலைவரே போரோங் ஜெயிலுக்குப் போய் அந்தக் காகிதத்தைக் கையில கொடுத்தாரு. யோசிச்சுப் பாருங்க, இந்த நாட்டு அரசாங்கமே இஸ்லாத்துக்கு எதிரின்னு வாழ்நாள் பூரா நம்புன ஒரு ஆளு, அந்த அரசாங்கத்தோட முத்திரை குத்தின காகிதத்துலதான் தன்னோட பொண்டாட்டி தன் பக்கத்துல இருக்கிற உரிமை கிடைக்குதுன்னு பாக்குறாரு. ஒரு துறை மட்டும் நினைச்சிருந்தா இது நடந்திருக்காது, ஒரு துறை மறுத்திருந்தா கூட நடந்திருக்காது.

குழந்தைங்க விஷயத்துலயும் அப்படித்தான். சுரபாயா தாக்குதல்ல ஈடுபட்ட குடும்பங்கள்ல தப்பிப் பிழைச்ச குழந்தைகளை சமூக நலத்துறை ஜகார்த்தால ஹந்தயானி மையத்துல வெச்சுப் பாத்துக்கிச்சு. போலீஸ், மனநல டாக்டர், சமூகப் பணியாளர், சொந்தக்காரங்க எல்லாம் ஒரே குழந்தையைப் பத்தி ஒண்ணா உக்காந்து முடிவெடுத்த அபூர்வமான இடம் அது. குழந்தை விஷயம்னா எல்லாருக்கும் ஒத்துழைக்கத் தெரியுது. பெரியவங்கன்னா அது வரமாட்டேங்குது.

மத்த நாட்டோட ஒப்பிட்டா ரெண்டு உதாரணம் போதும். சிங்கப்பூர்ல 2001 கடைசில ஜமா இஸ்லாமியா ஆளுங்களைப் பிடிச்சப்புறம் 2003ல மத மறுவாழ்வுக் குழுன்னு உஸ்தாதுங்க தன்னார்வமா சேர்ந்தாங்க, குடும்பங்களைப் பாத்துக்கத் தனியா சமூக அமைப்புங்க, பின்னாடி உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. அங்க எல்லா நூலும் ஒரே கையில இருக்கு, அதனால தகவல் தொலையுறது கம்மி. ஆனா அங்க விசாரணை இல்லாம காவல்ல வெக்கிற சட்டம் இருக்கு, ஆளு தயார்னு அவங்களுக்குத் தோணினாதான் விடுவாங்க. கோர்ட் தீர்ப்பு, தண்டனைக் காலம்னு இருக்கிற நாடு அதைக் காப்பியடிக்க முடியாது, காப்பியடிக்கவும் கூடாதுங்கிறது என் கருத்து.

இன்னொண்ணு லண்டன். 2019 நவம்பர் 29, ஃபிஷ்மாங்கர்ஸ் ஹால். முன்னாள் கைதிகளும் மாணவர்களும் சந்திக்கிற ஒரு கல்வி நிகழ்ச்சிக்கு, தீவிரவாத வழக்குல ஜெயிலுக்குப் போய் 2018 டிசம்பர்ல வெளிய வந்திருந்த உஸ்மான் கான், துணைக்கு யாரும் இல்லாம ரயில்ல வந்தான், அங்கயே ரெண்டு இளைஞர்களைக் குத்திக் கொன்னான். அவனைக் கண்காணிக்க போலீஸ், நன்னடத்தைத் துறை எல்லாம் சேர்ந்த கமிட்டி இருந்துச்சு, ஒழுங்கா கூடுச்சு. வெளிய வந்தா பழைய வழிக்கே போவான்னு உளவுத்துறைக்கு ஒரு தகவல் வந்திருந்துச்சு, நிகழ்ச்சி நடத்துனவங்களுக்கு அது தெரியாது. 2021ல விசாரணை ஜூரி, ஏஜென்சிங்க தகவல் பகிர்றதுல தவறினதை ஒரு காரணமாவே எழுதினாங்க. கூட்டம் போடுறது வேற, தெரிஞ்சதைச் சொல்றது வேறன்னு புரிஞ்சுக்க இதை விட வேற கேஸ் வேண்டாம்.

இந்தோனேசியாவுக்கே திரும்புறேன். இவ்வளவு ஓட்டை இருந்தும் நெலமை பலரும் நினைக்கிற மாதிரி மோசம் இல்லங்கிறதையும் சொல்லியாகணும். ஜகார்த்தால இருக்கிற ஐபேக் ஆய்வு நிறுவனம் 2020ல ஒரு கணக்கு எடுத்துச்சு, 2002லேருந்து வெளிய வந்த 825 பேர்ல 94 பேரு மறுபடியும் தீவிரவாதக் குற்றத்துல மாட்டினாங்க, அதாவது 11 சதவீதம் சொச்சம். சாதாரணத் திருட்டு, அடிதடி கேஸ்ல மறுபடி உள்ள போறவங்களோட ஒப்பிட்டா இது கம்மிதான். ஆனா 2016 நவம்பர்ல சமரிந்தால சர்ச் வாசல்ல விளையாடிட்டு இருந்த குழந்தைங்க மேல பெட்ரோல் குண்டு வீசினவன் அந்த மாதிரி ரெண்டாவது தடவை மாட்டினவங்கள்ல ஒருத்தன், ரெண்டு வயசு குழந்தை ஒண்ணு தீக்காயத்துல செத்துப்போச்சு. அந்தக் குழந்தையோட அம்மா கிட்ட போய் சதவீதம் பேச முடியாது.

2021ல எல்லா அமைச்சகத்தையும் உள்ள இழுத்து ஒரு தேசிய செயல்திட்டம் போட்டாங்க, யாரு என்ன பண்ணணும்னு பொறுப்பு பிரிச்சு எழுதி வெச்சாங்க. 2024 ஜூன் 30, ஜமா இஸ்லாமியா தலைவருங்க 16 பேரு ஜகார்த்தா பக்கத்துல செந்தூல்ல உக்காந்து அமைப்பைக் கலைச்சுட்டதா அறிவிச்சாங்க, டென்சஸ் வருஷக்கணக்கா பேசிப் பேசி கொண்டு வந்தது அது. அதே வருஷம் அக்டோபர்ல புது அரசாங்கம் வந்ததும் சட்ட அமைச்சகத்துக்குக் கீழ இருந்த சிறைத்துறையைப் பிரிச்சு குடிவரவோட சேர்த்துப் புது அமைச்சகம் ஆக்கிட்டாங்க. பழைய அமைச்சகத்தோட போட்ட ஒப்பந்தம், பழகின ஆளுங்க, ஃபோன் நம்பர் வரைக்கும் மறுபடி புதுசா உண்டாக்கணும். இந்த மாதிரி அமைச்சகம் மாறுற நேரத்துலதான் ஃபைலுங்க காணாம போகும், அதனால எனக்கு இது கொஞ்சம் பயமாவே இருக்கு.

இந்த மேஜைல ஒருத்தருக்கு மட்டும் இன்னும் சரியா நாற்காலி போடல, அது பாதிக்கப்பட்டவங்க. 2018 பிப்ரவரில ஒரு தடவை பிஎன்பிடி முன்னாள் கைதிகளையும் குண்டுவெடிப்புல தப்பிச்சவங்களையும் ஜகார்த்தால ஒரே ஹால்ல உக்கார வெச்சுது. பழைய தாக்குதல்ல காயம்பட்டவங்களுக்கும் நஷ்டஈடுன்னு 2018 சட்டம் வழி விட்டுது, பாலில காயம்பட்டவங்களுக்கு அது கையில கிடைக்கிறதுக்குள்ள பதினெட்டு வருஷம் ஓடிடுச்சு. 2025 ஜூன்ல பன்யுவாங்கில உமர் பாத்தேக் தன் பேரைத் திருப்பிப் போட்டு "ராமு"ன்னு ஒரு காபி பிராண்டு ஆரம்பிச்சாரு, அறிமுக விழா, பெரிய மனுஷங்க, கேமரா எல்லாம். மன்னிப்புக் கேட்டாரு, ஒரு காலத்துல குண்டு கலந்த கை இப்போ காபி கலக்குதுன்னு பேசினாங்க. பாலி குண்டுவெடிப்புல உடம்பெல்லாம் தீக்காயம் பட்ட ஒரு அம்மா அந்தச் செய்தியைப் பாத்துட்டு, பண்ணினவருக்குக் கடை வெச்சுக் கொடுக்க ஆளு வந்தாச்சு, எங்க ஆஸ்பத்திரி செலவுக்கு யாரு வந்தாங்கன்னு வேதனைப்பட்டாங்க. பாத்தேக் காபி விக்கிறது எனக்குச் சந்தோஷம்தான், மனசாரச் சொல்றேன். ஆனா அவரு ஃபைலைத் தூக்கிக்கிட்டு மூணு ஆபீஸ் நடந்த மாதிரி அந்த அம்மாவோட ஆஸ்பத்திரி பில்லைத் தூக்கிக்கிட்டு ஒரு ஆபீஸாவது இன்னொரு ஆபீஸுக்கு நடந்திருக்கணும்.